தொத்தாது, தொடுங்க

ஆம்பூரில் அந்த டயாலிசிஸ் அறையில் காசிநாதனுக்குப் பக்கத்துக் கட்டிலில் படுக்க யாரும் சம்மதிப்பதில்லை. சிறுநீரகம் கெட்டது போதாதென்று, உடம்பே தன் தோலைப் பகைத்துக்கொள்ளும் அபூர்வ நோயும் அவருக்கு. லேசாக உராய்ந்தால் கொப்புளம்; அழுத்தித் தேய்த்தால் தோலே உரிந்து வந்துவிடும். நர்ஸ் ஷர்மிளா அவருக்குப் பிளாஸ்திரி ஒட்டவே மாட்டாள். ஊசிகளை மெல்லிய துணியால் சுற்றிக் கட்டி, கையைத் தலையணையில் பொதித்து வைப்பாள். உடம்பெல்லாம் புண்ணாகியும் ஊசி ஏற்றுகிற இடது கை மட்டும் தப்பியிருந்தது. அந்தக் கையை நம்பித்தான் அவர் உயிர் ஓடியது.

பார்க்க வருகிறவர்கள் வாசலோடு நின்றுவிடுவார்கள். மச்சான்கூட மூக்கில் கைக்குட்டையோடுதான் பேசினார். அவர் போனபின் காசிநாதன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டதை ஷர்மிளா பார்த்தாள். அன்றிலிருந்து வருகிறவர்களிடம் அவளே முந்திக்கொண்டு சொன்னாள்: "தொத்தாதுங்க. பயப்படாம தொடுங்க."

கவுஸ் பாஷாவிடமும் அதையே சொன்னாள். அவரும் காசிநாதனும் தோல் பதனிடும் ஒரே டேனரியில், ஒரே மேஜையில் தோலைத் தரம் பிரித்தவர்கள். அன்று இன்னும் ஊசி ஏற்றவில்லை. பாஷா தயங்காமல் கட்டிலில் உட்கார்ந்து நண்பரின் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இன்னாடா, உன்னையே ரிஜக்ட்ல போட்டுட்டாங்களா?"

"உன்ன மாதிரி ஆளு செலக்சன் பண்ணா அப்டிதான்."

வெகுநாளாகச் சிரிக்காத மனிதர் சிரித்தார். ஷர்மிளா நிம்மதியாக அடுத்த மிஷினைப் பார்க்கப் போனாள். பேச்சு ஓடிக்கொண்டிருக்க, மேல்பூச்சு நிற்கிறதா என்று பதனிட்ட தோலைத் தேய்த்துப் பார்ப்பதுபோல, பாஷாவின் கட்டைவிரல் தன்போக்கில் அந்தக் கையை அழுத்தித் தேய்த்தது. ஊசி ஏற்றும் நரம்பின் மேலிருந்த தோல் விரலோடு வந்துவிட்டது.

புண்ணில் சீழ் பிடித்து நரம்பு அடைத்துப்போயிற்று. இப்போது கழுத்தில் போட்ட குழாய் வழியாகத்தான் டயாலிசிஸ். அதைப் பிளாஸ்திரி இல்லாமல் கட்டும்போதெல்லாம் ஷர்மிளாவுக்கு அதே நினைப்பு: தொடச் சொன்னவள், எப்படித் தொடவேண்டும் என்று சொல்லாமல் விட்டாளே.

பாஷா பிறகு வரவேயில்லை. ஷர்மிளா போன் செய்து, தவறு தன்னுடையது என்று மன்றாடிப் பார்த்தாள். கடைசியில் போனைக் காசிநாதனின் காதருகே பிடித்தாள்.

"பேஜார் பண்ணாம வாடா. தள்ளியாவது ஒக்காரு."

மறுமுனையில், ஷர்மிளாவுக்கும் கேட்கும்படி, "பக்கத்துல வந்தா என் கை சும்மா இருக்காதுடா," என்று சொல்லி பாஷா வைத்துவிட்டார்.

மருந்து வாங்கிக்கொண்டு திரும்பிய காசிநாதனின் மனைவி அமிர்தவள்ளி, பாஷா அண்ணன் என்ன சொன்னார் என்று கேட்டாள்.

"வர்றேன்னு சொல்றான்," என்றார் காசிநாதன்.

ஷர்மிளா கட்டிலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு நாற்காலியைப் போட்டு வைத்தாள்.