முயல்செவியும் கிராம்புப் பாயும்

தடதடவென்று கதவு அதிர்ந்தது. அலமாரியில் இருந்த கண்ணாடிக் குடுவைகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன.

"ரஜிதா! கதவைத் திற! கீழே பத்திரிகைக்காரா வந்து உட்கார்ந்தாச்சு!"

டாக்டர் வெங்கிடராமனின் குரல். ரஜிதாவின் ஆராய்ச்சிக்கு வழிகாட்டி அவர்தான். கொச்சி மட்டாஞ்சேரியின் கொச்சங்காடியில், மசாலாக் கிடங்கின் மாடியில் இருந்த அந்தச் சின்ன ஆய்வுக்கூடமும் அவருடையதே.

"அஞ்சு நிமிஷம் சார்."

"பூட்டிண்டு உள்ளே என்ன பண்றே?"

அவள் மேஜைப் பக்கம் திரும்பினாள். அதன்மேல் மூன்று சோதனைக் குழாய்கள். மூன்றிலும் ஊதா நிறத் திரவம் ஊற்றியிருந்தாள். அதில் ஒரு செடியின் சாற்றை விட்டதும் ஊதா மஞ்சளானால், உடம்பைத் துருப்பிடிக்காமல் காக்கும் ஆன்டி ஆக்ஸிடன்ட் அந்தச் செடியில் நிறைய இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு வருஷமாக முயல்செவிச் செடியைச் சோதித்துவந்தாள். ஒவ்வொரு முறையும் பளிச்சென்று மஞ்சள். அதை வைத்து டாக்டர் பட்டத்துக்கு ஆய்வேடும் எழுதி அனுப்பியாயிற்று. அதை நம்பித்தான் இன்று ஒரு கம்பெனி முயல்செவி மாத்திரையை அறிவிக்கப்போகிறது.

போன வாரம் வந்தது வினை. மழையென்று பள்ளுருத்தியில் தன் வீட்டிலேயே செடியை உலர்த்திக் கொண்டுவந்தாள். அந்தச் சாற்றுக்கு ஊதா லேசாக வெளுத்தது, அவ்வளவுதான்.

அப்போதுதான் மொட்டைமாடிப் பாய்களைக் குனிந்து பார்த்தாள். ஈரம் பட்ட கிராம்பைக் கிடங்குக்காரர்கள் உலர்த்தும் பாய்கள். அவர்கள் அள்ளிக்கொண்டு போனதும் ஆய்வுக்கூடத்துச் செடிகளை அதிலேயே பரப்புவது வழக்கம். பின்னலெல்லாம் கிராம்புத் தூள். கிராம்பு பட்டால் ஊதா நொடியில் மஞ்சளாகும். தெருவே மசாலா மணக்கும் மட்டாஞ்சேரியில் யார் மூக்குக்கு அது தனியாகத் தெரியப்போகிறது?

மூன்று குழாய்களிலும் சாற்றை விட்டுப் பார்த்துவிட்டு ரஜிதா கதவைத் திறந்தாள். வெங்கிடராமனோடு கம்பெனி மேனேஜர் சிஜுவும் நின்றிருந்தான்.

"ரெண்டு குழாய் நல்ல மஞ்சளாச்சே சேச்சி," என்றான் சிஜு. "பின்னே எந்தா பிரச்சினை?"

"மாறாத முதல் குழாய் வீட்டுல காஞ்ச முயல்செவி. நடுவுல இருக்கறது பாயில காஞ்ச முயல்செவி. கடைசியில இருக்கறது பாயில கிடந்த வைக்கோல்."

சிஜு சிரித்துவிட்டான். "அப்போ வைக்கோல் மாத்திரை போட்ரலாம் சாரே. மாட்டுக்கும் விக்கலாம்!"

"வைக்கோல்லயும் சத்து இருக்கலாம்," என்றார் வெங்கிடராமன்.

"பாயில படாத வைக்கோலையும் பார்த்தாச்சு சார். ஊதா அசையலை. கிராம்புதான் மாத்துது."

"ஆய்வேடு போயாச்சு. இப்போ வாயைத் திறந்தா உனக்குப் பட்டம் கிடையாது. உங்கப்பா கார்ப்பரேஷன்ல சாக்கடை அள்ளி உன்னைப் படிக்க வெச்சது இதுக்குத்தானா?"

ரஜிதாவின் முகம் சிவந்தது. "எங்கப்பாவை இழுக்காதீங்க. அவர் சாக்கடையைச் சாக்கடைன்னு சொல்லித்தான் அள்ளினார். மருந்துன்னு சொல்லி யாருக்கும் குடுக்கலை."

குழாய்த் தாங்கியை எடுத்துக்கொண்டு படியை நோக்கி நடந்தாள். வெங்கிடராமன் படிக்கட்டின் கைப்பிடியைப் பற்றி வழியை மறித்தார்.

"ரெண்டு வருஷம் போயிடும். மறுபடி முதல்லேருந்து எழுதுவியா?"

"எழுதுவேன். எழுத விடலைன்னா சும்மா இருப்பேன். என் பேரைப் போட்டுப் பொய்யை விக்க விடமாட்டேன். வழியை விடுங்க சார்."

சிஜு தானாகவே சுவரோரம் ஒதுங்கினான். ரஜிதா முதல் படியில் கால் வைத்தாள். குழாய்கள் கலகலத்தன. கீழே யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது. வெங்கிடராமனின் கை கைப்பிடியிலிருந்து நழுவியது. சிஜுவுக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"நீ கீழே போனா உன் பட்டம் மட்டும் போகாதும்மா... என் டாக்டர் பட்டத்துச் செடியும் இந்த மொட்டைமாடிப் பாயிலதான் காஞ்சது."