நாற்பதாவது வீடு

"இது மெஷின் எழுதுனது. உனக்கு இவ்வளவு தெளிவா எழுத வராது" என்று சொல்லி என் ஆய்வேட்டை மேசையில் வீசினார் என் நெறியாளர். நாற்பது வீடு ஏறி இறங்கித் தகவல் சேகரித்து எழுதியது அது. தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லியும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வேறு தலைப்பில், வேறு ஒருவரிடம், முதலிலிருந்து தொடங்கிப் பட்டம் வாங்கினேன்.

அதே துறைக்கே ஆசிரியையாகத் திரும்பியபோது, செயற்கை நுண்ணறிவுக் காலத்துக்கு ஏற்ற ஆய்வேட்டு விதிகளை எழுதும் வேலையை என் தலையில் கட்டினார்கள். எழுதியவரை எதிரே உட்காரவைத்து, செய்த வேலையைப் பற்றிக் கேள்வி கேட்க வேண்டும் என்று எழுதினேன். பதவி உயர்வு கேட்கும் பேராசிரியர்களுக்கும் இது பொருந்தும் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். அதுவரை படிக்காமலே, "பிரமாதம்மா" என்று முதல் கையெழுத்துப் போட்டவர் என் பழைய நெறியாளர்தான்.

மறு மாதமே, பதவி உயர்வு கேட்டு அவர் கொடுத்த கட்டுரை நான் இருந்த குழுவுக்கு வந்தது. பன்னிரண்டாம் பக்கத்தில், அவர் அன்று வீசிய ஆய்வேட்டிலிருந்த என் அட்டவணை, ஒரு புள்ளி மாறாமல்.

"சார், நாற்பது வீடுன்னு போட்டிருக்கீங்க. பதில் முப்பத்தொம்பதுதான் இருக்கு. அந்த ஒரு வீட்டுல என்ன ஆச்சு?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பூட்டியிருந்துச்சும்மா."

அன்று ஆஸ்பத்திரியில் எனக்குக் கொடுத்த ஊசிச் சீட்டைக் குழுவின் முன் தேதி தெரிய வைத்தேன்.

"பூட்டலை சார். நாய் கடிச்சுது. தழும்பு என் கால்ல இருக்கு. உங்க கால்ல இருந்தா காட்டுங்க."