ஜூலின் இடம்

இக்னாஸ் எழுந்தான், பல் துலக்கினான், ஒரு தம்ளர் காப்பி போட்டுக் குடித்தான். மனைவி இறந்து இரண்டு வருஷமாக அவன் காலை இப்படித்தான் போனது. அன்று மட்டும் சட்டைப் பொத்தானைத் துளை மாற்றிப் போட்டான்.

சைகோன் கம்யூனிஸ்டுகள் கைக்கு மாறி ஒரு வருஷம். அரிசி ரேஷன் வரிசையில் பழக்கமான மாரி-ரோஸ் அன்று பாரீஸுக்கு விமானம் ஏறுகிறாள். போகிறவள் என்று தெரிந்தேதான் மனசைக் கொடுத்தான். அவள் பிரெஞ்சுப் பிரஜை, அதனால் போக விட்டார்கள்; அவன் இல்லை. ஆனால் பயணிகள் பட்டியலில், இறந்துபோன அவள் தம்பி ஜூலின் பெயரை யாரும் அடிக்கவில்லை.

"நீங்கதான் ஜூல்," என்று முந்தின நாள் சொல்லியிருந்தாள். "ஏர்போர்ட் வாசல்ல மொழிபெயர்க்கிறவரு காரைக்கால் ஆளு, தமிழ்ல பேச்சுக் குடுப்பாரு. வாய்தவறி ரோஸ்னு கூப்பிட்டீங்க, ரெண்டு பேரும் ஜெயில்ல களி திங்கணும். எங்க, அக்கான்னு சொல்லுங்க."

"அக்கா."

"அப்படித்தான்டா தம்பி!" என்று சிரித்தாள்.

விமான நிலைய வாசலில் காரைக்கால்காரர் பட்டியலிலிருந்து தலை நிமிர்ந்தார். "ஏம்ப்பா, இவங்க உனக்கு என்ன வேணும்?"

இக்னாஸ் வாயைத் திறந்தான். அந்த ஒரு சொல் வரவில்லை. பக்கத்தில் நின்ற காவலாளி திரும்பிப் பார்த்தான்.

மாரி-ரோஸ் அவன் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

"எங்க தெருக்காரர், முசியே. பெட்டி தூக்கிட்டு வந்தாரு. என் தம்பி செத்துப்போயிட்டான், பேரை அடிச்சிடுங்க."