கருத்து: லூர்துசெல்வி, தலைச்சோலை

ஏற்காடு பஸ் நிலையத்துக்கு எதிரே உசேன் பாயின் டீக்கடையில் தினமும் பேப்பர் முதலில் லூர்துசெல்வியின் கைக்குத்தான் போகும். அது கடைக்காரர் கொடுத்த சலுகையில்லை. பக்கத்துக் கடையில் ரவிக்கை தைக்கும் அந்த அம்மாள் பிடுங்கிக்கொண்ட உரிமை. தலைப்புச் செய்தி, மழை, தங்கம் விலை எதையும் அவள் பார்க்க மாட்டாள். நேரே கடைசிப் பக்கம். அங்கே ‘வாயில்லா வரதன்’ என்று மூன்று கட்டத்தில் ஒரு சிரிப்புப் படக்கதை வரும். அதைத் திட்டாமல் அவளுக்குத் தையல் மெஷினில் கால் ஓடாது.

அந்தப் படக்கதையும் திட்டு வாங்கவே பிறந்ததுதான். முதல் கட்டத்தில் வரதன் ஏதாவது கேட்பான். இரண்டாவதில் அவன் பெண்டாட்டி வனஜா கத்துவாள். மூன்றாவதில் பூரிக்கட்டை பறக்கும். வரதன் மண்டையில் கொழுக்கட்டை அளவுக்கு வீக்கம். வருஷக்கணக்காக இதே கூத்து. வரைகிறவனுக்கும் வெட்கமில்லை, அச்சடிக்கிறவனுக்கும் வெட்கமில்லை.

“ஏனுங்க பாய், இத்தனை வருசமா பூரிக்கட்டையத் தூக்கறாளே, ஒரு நாளாச்சும் பூரி சுட்டாளா?” என்பாள் ஒரு நாள். இன்னொரு நாள், “இங்க பாருங்க, மொதக் கட்டத்துல முழங்கை வரைக்கும் கை. ரெண்டாவது கட்டத்துல பஃப் கை. நடுவுல எந்த டெய்லர்கிட்டப் போயிட்டு வந்தா இவ? மூணாவது கட்டத்துல ஆளையே காணோம். ‘ணங்’னு எழுதிப்போட்டு அவன் சோறு திங்கப் போயிட்டான்.” கடையில் இருப்பவர்கள் டீயை ஆறவிட்டுச் சிரிப்பார்கள். படக்கதையைவிட அவள் ஏச்சுதான் நன்றாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாசகர்கள் அனுப்பும் யோசனைக்குப் படம் போடுவார்கள். கீழே பொடி எழுத்தில் ‘கருத்து’ என்று அனுப்பியவர் பெயரும் ஊரும் இருக்கும். “ஊட்டுல வாயத் தொறக்க முடியாத ஆம்பளைங்க, ஸ்டாம்பு ஒட்டிப் பேசிக்கறானுங்க” என்று அந்தப் பெயர்களை அவள் சீந்துவதேயில்லை.

அந்த ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்து அவள் வந்தபோது கடையில் நல்ல கூட்டம். அவள் புருஷன் ஏசுராஜ், தலைச்சோலைப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர்; வீடும் அங்கேதான். கோழிக்கறி வாங்குவதாகச் சொல்லி முன்னாலேயே நழுவிவிட்டார். லூர்துசெல்வி பேப்பரை விரித்து உரக்கப் படித்தாள். முதல் கட்டத்தில் வனஜா, ‘என் கண்ணாடியைக் காணோம், ஒண்ணும் கண்ணுக்குத் தெரியல’ என்கிறாள். இரண்டாவதில் வரதன் இடுப்பில் கைவைத்து நிற்கிறான். மூன்றாவதில், அதிசயமாக, வாயைத் திறக்கிறான்: ‘கண்ணாடி போட்டிருந்தப்ப மட்டும் நான் செய்யற வேலை உன் கண்ணுக்குத் தெரிஞ்சுதாக்கும்?’ வனஜா வாயைப் பிளந்து நிற்க, பூரிக்கட்டை கீழே கிடக்கிறது.

கடையே சிரித்தது. லூர்துசெல்வி சிரிக்கவில்லை. அது அவள் சொன்ன வார்த்தை. போன மழையில், துணி காயாமல் அடுப்பங்கரையில் கயிறு கட்டி உலர்த்திக்கொண்டிருந்தபோது, கண்ணாடியைத் தேடி வந்த ஏசுராஜிடம் சொன்னது. ‘உங்க’ என்றதை ‘உன்’ ஆக்கியது தவிர ஓர் எழுத்து பிசகவில்லை. சிரிப்புக்காகச் சொன்னதில்லை அது. சொல்லிவிட்டு அழுதாள். அவர் பார்க்கவில்லை, கண்ணாடிதான் இல்லையே.

உசேன் பாய் குனிந்து பொடி எழுத்தைப் படித்தார். “டெய்லரம்மா, ‘கருத்து: லூர்துசெல்வி, தலைச்சோலை’ன்னு போட்டிருக்குதுங்க! அடேங்கப்பா, திட்டித் திட்டியே உள்ள பூந்துட்டீங்களே!”

அவள் பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

வீட்டில் ஏசுராஜ் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து தொடாத வெங்காயம். அதுவே ஒப்புதல் வாக்குமூலம்.

“ஏனுங்க, இது யாருங்க?”

“நீதான் செல்வி. எழுதறவங்க எல்லாம் ஊட்டம்மா பேருலதான் எழுதுவாங்க. ஒரு மரியாதைக்கு.”

“நான் சொன்னத எதுக்குங்க வரதன் வாயில வச்சீங்க?”

“பொம்பள சொன்னா அது சண்டையாட்டம் இருக்குது. ஆம்பள சொன்னாத்தான் சிரிப்பு வருது.” வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே சேர்த்துக்கொண்டார்: “அவனும் ஒரு நாளு பேசட்டுமேன்னு.”

“பேரு என்னுது, வாயி உங்களுதுங்களா?”

ஏசுராஜ் அடுத்த வெங்காயத்தை எடுத்தார். அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வெந்து நொந்து சொன்ன ஒரே வார்த்தை. அதையும் பிடுங்கி அந்தத் தண்டச்சோற்று வரதனுக்கு மாட்டிவிட்டாரே. கறியை ருசியாகத்தான் வைத்தாள். பேசத்தான் இல்லை.

ஊர் சும்மா இருக்குமா? மறுநாள் ரவிக்கைத் துணியோடு வந்த மேகலா, “அண்ணன் ஊட்டுல நொம்ப வேலை செய்வாரு போலிருக்குதுங்க அக்கா. நீங்களே பேப்பர்ல ஒத்துக்கிட்டீங்களே” என்றாள். லூர்துசெல்வி ஊசியை உடைத்துக்கொண்டாள். மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டுத் தபால் நிலையத்துக்குப் போனாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் புருஷனை உசேன் கடைக்கு இழுத்து வந்தாள். ஏன் என்று சொல்லவில்லை. கோழிக்கறி என்று அவர் வாயெடுத்தால், “கோழி எங்கீம் ஓடிராதுங்க” என்பாள்.

ஒரு ஞாயிறு அது வந்தது. கடை நிறைந்த கூட்டத்தில் அவள் உரக்கப் படித்தாள். வரதன் மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறான். ‘என்னங்க எழுதறீங்க?’ என்கிறாள் வனஜா. ‘நகைச்சுவை’ என்கிறான். மூன்றாவது கட்டத்தில் வனஜா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறாள்: ‘கொஞ்சம் பொறுங்க, நான் இன்னும் பேசவே ஆரம்பிக்கலையே!’

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, பொடி எழுத்தை இன்னும் உரக்கப் படித்தாள்: “கருத்து: ஏசுராஜ், தலைச்சோலை.”

“சத்தியமா நான் எழுதலைங்க!” என்று ஏசுராஜ் எழுந்தே விட்டார்.

“உங்க பேருதானுங்களே போட்டிருக்குது?” என்றார் உசேன் பாய். “பேரு போட்டவங்க எழுதலீன்னா, அன்னைக்கு அம்மா பேருல வந்தது?”

ஏசுராஜ் மெல்ல மறுபடி உட்கார்ந்தார். உசேன் பாய் அவரைப் பார்த்தார், பிறகு லூர்துசெல்வியைப் பார்த்தார். “அப்ப, இத யாருங்க எழுதுனது?”

“எழுதறவங்க எல்லாம் ஊட்டுக்காரரு பேருலதான் எழுதுவாங்க பாய்,” என்றாள் அவள். “ஒரு மரியாதைக்கு.”

பேப்பரைப் புருஷன் மூக்குக்கு நேரே நீட்டினாள். அவர் கண்ணாடி போட்டிருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டுதான் நீட்டினாள்.