சாவு எழுத்து

சொந்தப் புத்தியும் கிடையாது, சொல்புத்தியும் கிடையாது என்று அம்மா என்னைத் திட்டுவார். 2011-ல் அதை நாற்பது போஸ்டர் அடித்து நிரூபித்தேன்.

திண்டிவனத்துக் கல்லூரியில் கடைசி வருடம் ‘மூடாத கதவு’ என்று இருபது நிமிடப் பேய்ப்படம் எடுத்தோம். படத்துக்கு மட்டுமல்ல, கூட்டம் சேர்ப்பதற்கும் மார்க் உண்டு. விளம்பரம் என் பொறுப்பு. முதல் போஸ்டரில் வெள்ளைப் புடவை, தலைவிரி கோலம், ரத்தம் சொட்டும் எழுத்து எல்லாம் வைத்தேன். பஸ் ஸ்டாண்டில் ஒருவர் அதன்மேலேயே சாய்ந்துகொண்டு மல்லாட்டைக் கடலையை உரித்துத் தின்றார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

“பேயே இல்லாம பேய் போஸ்டர் பண்றேன் பாரு. கண்ணீர் அஞ்சலி!” என்றேன் சகாய பிரியாவிடம். அவள்தான் கதாநாயகி.

“சூப்பர்டா ஆஸ்வின்! போட்டோ மட்டும் நல்லதா போடு,” என்று சிரித்தாள்.

முகையூர்ப் பக்கத்துப் பெண். அந்த வீட்டில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள். கரும்பு வெட்டும் அவள் அப்பா சவரிராயன், சொந்தபந்தம் அத்தனையையும் பகைத்துக்கொண்டு அவளை ஹாஸ்டலில் சேர்த்திருந்தார். ‘ஒரு பேஜாரு வந்தா படிப்பு கட்’ என்பது வீட்டில் போட்ட நிபந்தனை. அது எனக்கும் தெரியும்.

தோற்றம் என்று அவள் பிறந்த தேதி. மறைவு என்று படம் திரையிடும் தேதி. அதற்கு இன்னும் பத்து நாள் இருந்தது. வராத தேதியைப் பார்த்தால் எவனுக்கும் முதுகு சில்லிடும் என்பது என் நினைப்பு. படத்தின் பெயரை அடியில் பொடி எழுத்தில் வைத்தேன்.

அச்சகத்து ராஜாமணி அண்ணனுக்கு மனசே வரவில்லை. “தம்பி, ஓரத்துல ரெண்டு சொட்டு ரத்தமாச்சும் விடு. சினிமான்னு தெரியட்டும்.”

“அதெல்லாம் பழசுண்ணே,” என்றேன். என் வாயில் கொள்ளியை வைக்க.

காலையில் விழுப்புரம் பஸ் ஸ்டாண்ட் வரை ஒட்டினோம். பிரியாவின் ஊர்க்காரர் ஒருவர் ஓடும் பஸ்ஸிலிருந்து அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போன் செய்தார். தேதியை யார் பார்த்தார்கள்? ஹாஸ்டலில் போனை எடுக்க ஆளில்லை. ஊர்க் கோயிலில் துக்க மணி அடித்துவிட்டார்கள். கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த அவள் அம்மா சூசை மேரி நிமிர்ந்து, “யாருக்கு மணி அடிக்கிறாங்க?” என்று கேட்டாராம். பக்கத்தில் இருந்த பெண்கள் அவரைக் கட்டிக்கொண்டு அழுதார்களாம்.

மதியம் சவரிராயன் கல்லூரி வாசலுக்கு வந்தார். கையில் மஞ்சப்பை. அதில் ஒரு ஜெபமாலையும், கிறிஸ்துமஸுக்கு எடுத்த பிரியாவின் சுடிதாரும். பிணத்துக்குப் போடக் கொண்டுவந்தது.

“அப்பா!” என்று வகுப்பிலிருந்து ஓடிவந்தாள். அவர் அவள் கன்னத்தைத் தொட்டார், கையைத் தொட்டார், அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். என்னை அடித்திருந்தால் தேவலை.

பிரியா போஸ்டர் விஷயத்தைச் சொன்னதும் என் பக்கம் திரும்பினார். “எத்தினி ஒட்டினீங்க?”

“முப்பத்தொம்பதுங்க. ஒன்னு பையில இருக்குது.”

“கிழிக்கணும். ஒன்னுகூட நிக்கக்கூடாது.”

மூன்று பேரும் விழுப்புரம் வரை கிழித்துக்கொண்டே போனோம். கடைசியில் என் பையில் இருந்ததையும் நீட்டினேன். அவர் அதை வெகுநேரம் பார்த்தார்.

“எம்மாம் அழகா இருக்குது எம் பொண்ணு. எனக்குப் படிக்கத் தெரியாது தம்பி. இதுல எது சாவு எழுத்து?”

விரல் வைத்துக் காட்டினேன். மேலே இரண்டு வார்த்தை, கீழே ஒன்று. படத்தில் கீறல் விழாமல் அவற்றை மட்டும் கிழித்தெடுத்தார். படத்தை மடித்துச் சுடிதாருக்குள் வைத்தார்.

“வாம்மா. பஸ்ஸு வந்துக்கினு இருக்குது.”

“நாளைக்கு கிளாஸ் இருக்குதுப்பா...”

“மணிய உங்கம்மா கேட்டுட்டாம்மா. இனிமே ஒன்னிய கண்ணுல காணாம அவளால இருக்க முடியாது.”

பொய்ச்சாவு வந்தால் ஆயுசு கெட்டி என்று ராஜாமணி அண்ணன் எனக்கு ஆறுதல் சொன்னார். இருக்கட்டும், நூறு வயசு இருக்கட்டும். படிப்பு போச்சே!

திரையிட்ட அன்று கூடம் கொள்ளவில்லை. ஊரெல்லாம் அந்தப் போஸ்டர் பேச்சுதான். விளம்பரத்துக்கு எனக்கு முழு மார்க் போட்டார்கள். நான் குறித்த அந்தத் தேதியில் பிரியா வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.