நாங்களே தெரியப்படுத்துகிறோம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது என் அண்ணிக்கு நடந்தது. சாப்பாட்டு மேசையில் அவர் இதைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் பரபரப்புத் தாங்கவில்லை. கையைக்கூட ஒழுங்காகக் கழுவாமல் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

காலை வெயில் அந்தக் கண்ணாடிக் கட்டடத்தின் மீது (வேண்டாம். வெயிலில் ஆரம்பிக்க எனக்குப் பொறுமை இல்லை.)

2

அண்ணி மனிதவளத் துறையில் இரண்டாம் இடத்தில் இருப்பவர். யாரை வேலையைவிட்டு அனுப்புவது என்று மேலே உள்ளவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு முடிவு செய்வார்கள். பிறகு அண்ணியைக் கூப்பிட்டு, "நீங்க பக்குவமா சொல்லிடுங்க" என்பார்கள். பக்குவமாகச் சொல்லிச் சொல்லி அவருக்கு அலுத்துவிட்டது. அந்தக் கதவுக்கு உள்ளே உட்கார வேண்டும், முடிவாகும் முன்பே வாயைத் திறக்க வேண்டும். இந்த ஆசையில்தான் இன்னொரு நிறுவனத்தில் மனிதவளத் தலைவர் பதவிக்கு விண்ணப்பித்தார்.

நேர்காணல் அறையில் அண்ணியின் கண்கள் கலங்கின.

(பின்னால் நின்று படித்துவிட்டார். "தம்பி, நான் எங்க கலங்கினேன்? ஜாலியா இருந்தேன். அடிச்சிடு அதை." அடித்துவிட்டேன். நீங்களும் படிக்காத மாதிரி இருந்துவிடுங்கள்.)

3

ஜாலியாகத்தான் இருந்தார். எதிரே நிறுவனத் தலைவரும் இரண்டு இயக்குநர்களும். கேள்வி கேட்க வேண்டியவர்கள் அவர்கள். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தே பழகியவர் இவர். பழக்கதோஷம் சும்மா இருக்குமா?

"இதுக்கு முன்னாடி இந்த வேலையில இருந்தவங்க ஏன் போனாங்க?"

"சொந்தக் காரணம்," என்றார் தலைவர்.

"எல்லாருக்குமா?"

இயக்குநர் ஒருவர் தண்ணீர் குடித்தார். தலைவர் நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"குறுக்க பேசினா எனக்குப் பிடிக்காதும்மா. போனதுக்கு அதான் உண்மையான காரணம்."

அண்ணி கைகுலுக்கி எழுந்தார். வேலை கேட்டு வருகிறவர்களிடம் தினமும் சொல்லிச் சொல்லி வாயோடு ஒட்டிப்போன வாக்கியம் தானாக வந்து விழுந்தது.

"ரொம்ப சந்தோஷம். நாங்களே உங்களுக்குத் தெரியப்படுத்துறோம்."

[இதை நானாக யோசித்திருந்தால் தெருவெல்லாம் சொல்லித் திரிந்திருப்பேன்.]

லிஃப்டுக்குள் போன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அண்ணிக்கு உறைத்தது.

4

கதைக்கு முடிவு ஒன்று: வேலை கிடைக்கவில்லை. நம்பும்படி இருக்கும். ஆனால் அண்ணி எனக்குச் சோறு போட மாட்டார்.

முடிவு இரண்டு: கிடைத்தது, எல்லோரும் எழுந்து நின்று

பொறுங்கள், அண்ணியின் போன் அடிக்கிறது. தலைவரேதான். அண்ணி ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்.

"எங்களுக்குச் சம்மதம். நீங்கதான் தெரியப்படுத்துறேன்னு சொன்னீங்க. அதான் காத்துக்கிட்டிருக்கோம்."

அண்ணன் 'சரின்னு சொல்லு' என்று கைஜாடையில் மன்றாடுகிறார். அண்ணி அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்கிறார்.

"வர்றேன் சார். ஒண்ணே ஒண்ணு. யாரையாவது வேலையைவிட்டு அனுப்பணும்னா, முடிவு பண்றதுக்கு முன்னாடி நானும் அந்த ரூம்ல இருப்பேன். குறுக்க பேசுவேன். பரவாயில்லையா?"

மறுமுனையில் யாரோ தண்ணீர் குடிக்கும் சத்தம்.

தலைவரின் பதிலாக நான் ஒரு வார்த்தைகூட எழுதப்போவதில்லை. குறுக்கே பேசுகிற ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ள உங்களுக்குத் தைரியம் இருக்கிறதா? அவர் இடத்தில் இருந்து நீங்களே சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம், அண்ணி இன்னும் லைனில்தான் இருக்கிறார்.