டெல்லி வரை கேட்ட உலக்கை

நன்னிலத்துக்குப் பக்கத்தில், லத்தீஃபாவின் வீட்டை ஒட்டிய தென்னந்தோப்பு மூலையில் நிலநடுக்கப் பதிவு நிலையம் ஒன்றை அமைத்தபோதே பொறியாளர் முகுந்த் சொல்லிவைத்தார். "குழிக்குள்ள இருக்கற கருவிக்குப் பொல்லாத காதும்மா. இங்க மாடு மிரண்டு ஓடினாக்கூட அந்த நிமிஷமே டெல்லியில கோடு ஆடும்."

அவள் நம்பவில்லை. கொஞ்ச நாளில் அந்தப் பதிவு அறையோரம் தேங்காய்க் குலை ஒன்று முறிந்து விழுந்தது. உடனே முகுந்த் சென்னையிலிருந்து போன் பண்ணி, "அங்க என்ன விழுந்துது?" என்று கேட்டார். அன்றிலிருந்து அந்த அறையைக் கண்டால் அவளுக்குத் தனி மரியாதை.

அவள் கணவர் சைபுல்லா குவைத்தில் இருந்தார். அவருடைய அண்ணன் மீரா உசேன் அங்கேயே உழைத்துக் களைத்து ஊர் திரும்பியவர். சும்மா இருக்க முடியாமல் அரிசி மில் வைக்கக் கிளம்பினார். சொந்த நிலம் வாய்க்காலுக்கு அப்பால் இருக்க, லத்தீஃபா வீட்டு வேலியை ஒட்டிய குடும்பத் திடல்தான் அவர் கண்ணில் பட்டது. மெஷினும் லாரியில் வந்து இறங்கிவிட்டது.

"மச்சான், உமியெல்லாம் பறந்து வீட்டுக்குள்ள வருமே?"

"ஜன்னலைச் சாத்திக்கம்மா."

சைபுல்லாவிடம் முறையிட்டாள். "அண்ணன் பேச்சை மீறி நான் எப்படி..." என்று இழுத்தவர், போன் கார்டு தீரப்போகிறது என்று வைத்துவிட்டார்.

அப்போதுதான் எதிர்வீட்டு ஷிஃபாவின் கல்யாணம் வந்தது. "கல்யாணப் பலகாரத்துக்கு மெஷின் மாவுல என்ன ருசி இருக்கு? உலக்கையால இடிப்போம், வாங்கடி" என்று தெருப் பெண்களைக் கூட்டினாள் லத்தீஃபா. உரல்களை உருட்டிக்கொண்டு போய்ப் பதிவு அறையின் சுவரோரம் போட்டாள். "இங்க எதுக்குக்கா?" என்றாள் ஷிஃபா. "நல்ல நிழல்" என்றாள்.

பகல் முழுக்க உலக்கை விழுந்தது. எதிர்பார்த்தபடியே போனும் வந்தது.

"என்னம்மா அங்க, விடாம அதிருது?"

"நான் என்னத்தைக் கண்டேன் சார். பக்கத்துல மில்லு மெஷின் வந்து இறங்கியிருக்கு."

இரண்டாவது வாக்கியம் சத்தியம். முதல் வாக்கியத்தை அல்லா மன்னிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் முகுந்த் நேரில் வந்து நின்றதும் மீரா உசேன் பதறிப்போனார். "சார், மெஷினைச் சுத்தின சாக்கையே இன்னும் பிரிக்கலை! கரண்டும் வரலை."

முகுந்த் லேப்டாப்பைத் திறந்து பார்த்தார். "ஆமா, இது மோட்டார் இல்ல. தொம் தொம்னு விட்டு விட்டு விழுது. நடுவுல நின்னு வேற போகுது."

நின்றது டீ குடிக்கத்தான். முகுந்தின் பார்வை சுவரோரம் போய், மாவு படிந்த உரல்களின் மேல் நின்றது. லத்தீஃபா அவசரமாகத் தென்னை உச்சியை ஆராய ஆரம்பித்தாள்.

முகுந்த் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "எதுவா இருந்தாலும் சரி. மில்லு ஓட ஆரம்பிச்சா கோடு நாள் பூரா ஆடும். மில்லு இங்கதான்னா, நிலையத்தை வேற ஊருக்கு மாத்திடறோம்."

மீரா உசேனுக்கு முகம் தொங்கிவிட்டது. 'நம்ம ஊர் மண்ணு அசைஞ்சா டெல்லிக்குத் தெரியும்' என்று குவைத் வரைக்கும் பெருமையடித்தவர் அவர். "வேணாம் சார்," என்றார் கடைசியில். "மில்லை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வச்சுக்கிறேன்."

கிளம்பும்போது முகுந்த் குரலைத் தாழ்த்தினார். "அம்மா, அடுத்த கல்யாணத்துக்குத் தெருவுலயே இடிங்க."

அவர் போனதும் மீரா உசேன் சுவரோரம் குனிந்தார். உரல் உருண்ட தடத்தில் விரலை வைத்து, ஒட்டிய மாவை முகர்ந்தார்.

"என்கிட்டயே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேனே மச்சான். ஜன்னலைச் சாத்தச் சொன்னீங்க."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "மில்லுக்கு லைன் கேட்டு நடையா நடக்கிறேன், கரண்டு ஆபீஸ்ல ஒருத்தனும் அசைய மாட்டேங்குறான். நாளைக்கு நீ என்கூட வா."

மறுநாள் அவர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனபோது, லத்தீஃபா பஸ்ஸில் அவருக்கும் சேர்த்து இடம் பிடித்து உட்கார்ந்திருந்தாள்.